பத்து விரலுக்கு ஒரு வேண்டுதல்

எங்க வீட்டுக்காரர் மெட்ராஸுக்குப் போனது பம்புசெட்டுக்கு ஒரு வாஷர் வாங்க. திரும்பி வந்தது ஒரு மரப்பெட்டியோடு. சவப்பெட்டி நீளம் இருந்தது. பஸ்ஸின் தலையிலிருந்து அதை இறக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துபோயிற்று, வழி நெடுக இந்த மனுஷன் பெட்டியின் பெருமையைப் பேசிப் பேசி அவர் காதைப் புண்ணாக்கியிருக்கிறார் என்று.

"இன்னாங்க இது?" என்றேன்.

"மிஷின் ரம்பம். பெட்ரோல்ல ஓடுது. சண்டையில வெள்ளைக்காரன் சோல்ஜருங்க காட்டையே அறுத்துக்கினு போனாங்களாம் இத்த வச்சி. பட்டாளத்துல வேணாம்னு கழிச்சது, டிஸ்போசல்ல வந்திருக்குது."

"வாஷரு?"

வாஷரை மறந்துவிட்டார். அந்தக் கோடை முழுக்கப் பம்பு ஒழுகிக்கொண்டே இருந்தது.

ரம்பத்துக்குக் காரணம் ஒரு புளியமரம். எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில், வரப்பின் மேலே நின்றது. முந்தின ஐப்பசிப் புயலில் பாதி வேர் பெயர்ந்து எங்கள் சமையற்கட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்த மழைக்குள் அதை எடுக்காவிட்டால் அது அடுப்பு மேலேதான் வந்து உட்காரும். மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஊரில் எல்லா மரத்தையும் அவர்தான் வெட்டுவார். மரத்தை மூன்று சுற்று சுற்றினார், வேரைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"மூணு நாளு வேலம்மா. மேல ஏறி கெளை கெளையா எறக்கிக்கினு வந்தா ஒரு ஓடு கூட ஒடையாது" என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் எங்க வீட்டுக்காரருக்கு எதுவும் அதோடு முடிந்தால் பிடிக்காது. "மூணு நாளா? எந்தக் காலத்துல கீறே நீ?" என்று அவரை அனுப்பிவிட்டு, மெட்ராஸில் மிஷின் கிடைக்கிறதாம் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தார். கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை அவருக்கு.

மெட்ராஸுக்குக் கூடப் போனவர் பக்கத்துத் தோட்டக்காரர். தெலுங்குக்காரர். மரம் வரப்பில் நின்றதால் அவருக்கும் பாதி உரிமை. நான் அவரை அண்ணா என்பேன். எங்க வீட்டுக்காரரும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் 'பாவா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், மச்சான் முறை. கடையில் நடந்ததை அண்ணாதான் பிறகு எனக்குச் சொன்னார். கடைக்காரர் இரண்டு ரம்பம் காட்டியிருக்கிறார். ஒன்று சின்னது, ஒரே ஆள் பிடிக்கிறது. இன்னொன்று ராட்சசம். ஒரு முனையில் என்ஜின், மறு முனையில் ஒரு கைப்பிடி, இடையில் ஆள் நீளத்துக்குப் பல் வைத்த சங்கிலி. இரண்டு பேர் இல்லாமல் அசையாது. "மரம் எவ்ளோ தடிமன்?" என்று கடைக்காரர் கேட்டாராம். அண்ணா கையை விரித்துக் காட்டினார். எங்க வீட்டுக்காரர் அதைவிட அகலமாக விரித்தார். அண்ணா இன்னும் கொஞ்சம் விரித்தார். இப்படிக் கடைக்குள்ளேயே மரம் வளர்ந்துவிட்டது. வளர்ந்த மரத்துக்குப் பெரிய ரம்பம்தானே சரி?

நான் மறுநாள் போய் மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன். என் விரல் நுனி விரல் நுனியைத் தொட்டது. சின்ன ரம்பமே தாராளம். அதைச் சொன்னதும், "ஒன் கை நீளம்" என்றார் எங்க வீட்டுக்காரர்.

பெட்டிக்குள் ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் இருந்தது. திருவள்ளூர்ப் பக்கம் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு வந்தவள் நான் என்பதால் அதைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. தொங்குகிற துணி கூடாது. காலில் பூட்ஸ் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். சங்கிலி ஓடும்போது கை இந்த இடத்தில் இருக்கக் கூடாது, அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்று படம் படமாகப் போட்டு, ஒரு படத்தில் கையில் விரல்களே இல்லாமல் ஒரு சோல்ஜர் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் எனக்கு வேறு கவலை கிடையாது. சமையற்கட்டு போனால் போகட்டும், என் வீட்டுக்காரர் பத்து விரலோடு வீட்டுக்கு வர வேண்டும். அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் அதை என் ஆசை என்று நினைத்துக்கொண்டார்.

என்ஜின் கிளம்பவில்லை. திருப்பதியில் லாரி ரிப்பேர் செய்கிற மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன். அவர் அரை நாளில் கிளப்பிவிட்டார். கிளம்பின சத்தத்தில் எதிர் ஓட்டலில் தோசை போட்டுக்கொண்டிருந்தவர் தெருவுக்கு ஓடி வந்தார். ஆனால் நிறுத்துகிற சுவிட்ச் செத்துப்போயிருந்தது.

"புதுசு போட்டுக்கினு எடுத்துப் போ சாரு. இப்ப சோக்கை இழுத்துப் புடிச்சாத்தான் நிக்கும். மெதுவாத்தான் நிக்கும்" என்றார் மெக்கானிக்.

"ஓட்டறதுக்குத்தான் வாங்கினு வந்தோம். நிறுத்தறதுக்கு இன்னா அவசரம்?" என்றார் எங்க வீட்டுக்காரர். இதை ஒரு பெரிய தமாஷ் மாதிரி அண்ணா திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்.

நான் அங்கிருந்தே மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். 'பெருமாளே, இந்த மனுஷனுக்கு மூளையைக் கேட்கவில்லை. காலம் கடந்துவிட்டது. பத்து விரலை மட்டும் விட்டு வை. அவருக்கு மொட்டை போடுகிறேன்' என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் என்னுடையது, முடி அவருடையது. அதனால் தாராளமாகவே வேண்டிக்கொண்டேன்.

இனி இரண்டு பேரும் சேர்ந்து மிஷினைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அது என்ன காலம்? ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. எங்கள் ஊர் நகரிக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவில் இருந்தது. சித்தூர் ஜில்லா என்பதால் ஆந்திராவோடு போய்விட்டோம். ஆனால் எல்லை இன்னும் தீரவில்லை, பாதி ஊர்கள் மெட்ராஸுக்குத் திரும்பும் என்று பேப்பரில் தினம் ஒரு சேதி. எங்க வீட்டுக்காரர் மெட்ராஸ் கட்சி. அண்ணா ஆந்திரா கட்சி. அதுவரை இரண்டு பாஷையையும் ஒரே வாக்கியத்தில் பிசைந்து பேசிக்கொண்டிருந்த இந்த இரண்டு மகானுபாவர்களும் திடீரென்று சுத்தமாகப் பேசுவது என்று தீர்மானித்தார்கள். எங்க வீட்டுக்காரர் பாவாவை 'மைத்துனரே' என்றார். அண்ணா திரும்பிப் பார்க்கவே இல்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார். அண்ணா தமிழே பேசுவதில்லை என்று சபதம் போட்டுவிட்டு, தேங்காய் எண்ணும்போது மட்டும் ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணுவார். கோபம் வந்தால் இவர் தெலுங்கில் திட்டினார், அவர் தமிழில் திட்டினார். திட்டுவதற்கு மட்டும் ராஜ்யம் மாறிக்கொண்டார்கள்.

இந்த லட்சணத்தில் புஸ்தகத்தில் ஒரு விதி இருந்தது. மிஷினைக் கிளப்புமுன் இரண்டு பேரும் கட்டளைச் சொற்களை முடிவுசெய்துகொள்ள வேண்டும், சத்தத்தில் வேறு எதுவும் பேசக் கூடாது. நான் ஏன் அதைப் படித்தேன் என்று இன்றைக்கும் நொந்துகொள்கிறேன். மூன்று சாயங்காலம் எங்கள் வாசலில் மாநாடு நடந்தது. காப்பி போட்டு எனக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

ஆபத்து வந்தால் 'ஓடு' என்று கத்தலாம் என்றார் எங்க வீட்டுக்காரர்.

"ஓடுன்னா எங்க பாஷையில தோத்துப்போறது. நேனு எந்துக்கு ஓடாலி? நான் எதுக்குத் தோக்கணும்? 'பரிகெத்து'ன்னு வைங்க" என்றார் அண்ணா, சபதத்தை மறந்து பாதித் தமிழில்.

"அத்த சொல்லி முடிக்கறதுக்குள்ள மரம் தலைமேல வந்துடும்."

கடைசியில் ஓடுகிற விஷயத்தில் அவரவர் பாஷையில் அவரவர் ஓடிக்கொள்வது என்று ஆயிற்று. கிளப்புவதற்குத் தமிழில் 'இழு'. அடுத்தது ஆப்பு. மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது அல்லவா, அறுத்த வாயில் ஆப்பு அடித்து அடித்துத்தான் அதை மறுபக்கம் தள்ள வேண்டும். அதற்குத் தமிழ்ச் சொல்லே இருக்கட்டும் என்று அண்ணா பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார். அதற்குப் பதில், மிஷினை நிறுத்துகிற சொல் தெலுங்கில்தான் இருக்க வேண்டும் என்றார்.

"நிறுத்துன்னா நாலு எழுத்து. எங்களுது ரெண்டே எழுத்து. ஆபு. சட்டுன்னு வரும்."

எங்க வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "சரே பாவா" என்றார். பல நாள் கழித்துப் 'பாவா' வாயில் வந்தது. இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. என்னைச் சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள்.

எழுதினேன். ஆப்பு என்றால் ஆப்பு வை. ஆபு என்றால் நிறுத்து. எழுதும்போதே கண்ணில் பட்டுவிட்டது. ஒரே ஒரு ஒற்றுதான் வித்தியாசம். சும்மா இருக்கும்போதே அண்ணா வாயில் இரண்டும் ஒன்றுபோலத்தான் வரும். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு இந்த மேதாவிகள் கண்டுபிடித்தது இது! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சொல்லவில்லை. சொன்னால் மாநாடு நாலாவது நாளும் நடக்கும் என்று ஒரு பக்கம். நாளைக்கு மிஷின் முன்னால் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் முழிப்பதைக் கண்ணாரப் பார்க்கலாமே என்று இன்னொரு பக்கம்.

மறுநாள் காலையில் ஊரே வந்துவிட்டது. மரத்தின் உயரத்தைப் போல இரண்டு பங்கு தூரத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது என்று புஸ்தகம் சொன்னபடி, நான் விளக்குமாற்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் விரட்டினேன். எங்க வீட்டுக்காரரை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்ட வைத்தேன். மேல்துண்டைப் பிடுங்கிக்கொண்டேன். அண்ணாவின் கண்ணுக்கு அவருடைய கூலிங் கிளாஸ் இருந்தது. எங்க வீட்டுக்காரர் கண்ணுக்கு எதுவும் இல்லாததால் என் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன், கிட்டே குனிவதில்லை என்று. சத்தத்தில் காது போய்விடுமே என்று இரண்டு பேர் காதிலும் பஞ்சு அடைத்தேன். அதுவும் நான் செய்த புண்ணியந்தான்.

இரண்டு பேருக்கும் இரண்டு கையும் மிஷினில். அப்போது ஆப்பை யார் அடிப்பது? மரம் வெட்டுகிறவரைத்தான் கூப்பிட்டார்கள். கையில் நாலு மர ஆப்பும் ஒரு சம்மட்டியும் கொடுத்து, "ஆப்புன்னா வந்து சொருகி அடி" என்றார்கள். அவர் தலையாட்டினார். இரண்டு பங்கு தூரத்துக்குள் ஆள் கூடாது என்று ஊரையே விரட்டிய எனக்கு அவரை ஆள் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

"இழு!" என்றார் எங்க வீட்டுக்காரர். என்ஜின் கயிற்றை அவரே இழுத்தார். ஏழாவது இழுப்பில் கிளம்பிற்று. அடேயப்பா, அந்தச் சத்தம்! காக்காய்கள் மட்டுமில்லை, கட்டியிருந்த மாடும் அறுத்துக்கொண்டு ஓடிற்று. ஆனால் ரம்பம் வேலை செய்யத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது. புளியங்கட்டைக்குள் வெண்ணெய்யில் போவதுபோல் போயிற்று. தூள் புகையாகப் பறந்தது. எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அவருக்கு அந்தக் களை இல்லை. முதல் ஆப்பு சரியாக நடந்தது. எங்க வீட்டுக்காரர் மிஷினை வேகம் குறைத்து "ஆப்பு" என்றார், மரம் வெட்டுகிறவர் வந்து சொருகி அடித்துவிட்டு ஒதுங்கினார். ஊர் கைதட்டிற்று.

பாதிக்கு மேல் அறுத்திருப்பார்கள். மரம் ஒரு முனகல் முனகி, பழையபடி வீட்டுப் பக்கமே உட்கார ஆரம்பித்தது. ரம்பத்தின் வாயை அது கடித்துக்கொண்டது. மறு முனையைப் பிடித்திருந்த அண்ணாவின் கைப்பிடி உதறிற்று. அவர் அதைப் பார்த்துவிட்டார். "ஆபு!" என்று கத்தினார்.

எங்க வீட்டுக்காரர் பஞ்சடைத்த காதோடு தலையாட்டி, மரம் வெட்டுகிறவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் ஆப்போடு ஓடி வந்தார். அண்ணா பதறிப்போய் "ஆபு! ஆபு!" என்று இன்னும் பலமாகக் கத்தினார். அவர் கத்தக் கத்த, அவசரம் போலிருக்கிறது என்று இவர் இன்னும் வேகமாக வந்தார். இடது கையால் ஆப்பை அறுத்த வாயில் வைத்தார்.

அங்கே நின்ற அத்தனை பேரில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். "ஐயோ, அது இல்லை! அது இல்லை!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். யார் காதில் விழும்?

ரம்பம் ஒரு துள்ளுத் துள்ளிற்று. அண்ணா கையை விட்டுவிட்டு விழுந்தார். எங்க வீட்டுக்காரர் சோக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றார். அது மெக்கானிக் சொன்னபடி மெதுவாகத்தான் நின்றது. நான் நேரே போய் அவர் இரண்டு கையையும் பிடித்து விரித்தேன். ஒண்ணு, ரெண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். பத்தும் இருந்தது. "பெருமாளே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். மரம் வெட்டுகிறவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், இடது கையை அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டு. சட்டை முழுக்க ரத்தம். மூஞ்சியில் வலியைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

"எத்தினி விரலு போச்சின்னு பாரும்மா, எனக்குப் பாக்க மனசு வரல" என்றார்.

இரண்டு. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும். எங்க வீட்டுக்காரரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த மேல்துண்டால் கட்டினேன். செங்கல் லாரி ஒன்றை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எங்க வீட்டுக்காரரும் அண்ணாவும் பின்னால் செங்கல் மேல் உட்கார்ந்து வந்தார்கள். முன்னால் என்னோடு இருந்த மரம் வெட்டுகிறவர் பாதி வழியில் என் பக்கம் திரும்பினார். "அம்மா, அந்த ரெண்டும் அங்கியே கெடக்குதா? கோழி துன்னுடப் போவுது" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மரத்தை அவருடைய மச்சினர்கள் இரண்டு பேர் வந்து, மேலே ஏறி, கிளை கிளையாக இறக்கினார்கள். மூன்று நாள் ஆயிற்று. ஒரு ஓடு உடையவில்லை. கடித்துக்கொண்ட ரம்பத்தை அடிக்கட்டையோடு கோடாலியால்தான் வெட்டி எடுத்தார்கள். அது மாட்டுக்கொட்டகை மூலைக்குப் போயிற்று. சுவரில் இருந்த சீட்டை நான் கிழித்து அடுப்பில் போட்டேன்.

வேண்டுதலை முடிக்கத் திருமலைக்குப் போனோம். எங்க வீட்டுக்காரர் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார், முடி கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தது. பெருமாள் ஏமாற்றவில்லை. நான் கேட்டதை ஒரு விரல் குறையாமல் கொடுத்துவிட்டார். கேட்டது அந்தப் பத்துதான்.

கொஞ்ச நாளில் எல்லையும் தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று, நாங்கள் ஆந்திராவில் நின்றுவிட்டோம். எங்கள் தெருவில் வந்து யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தார். மறுநாள் அண்ணா வாசலில் வந்து "பாவா, துன்னியா?" என்றார், இவர் எழுந்து போனார். மறுபடியும் இரண்டு பாஷையையும் பிசைய ஆரம்பித்துவிட்டார்கள்.

மரம் வெட்டுகிறவர் அதற்கப்புறமும் வேலைக்கு வந்தார். கோடாலியை மூன்று விரலால் பிடிக்கப் பழகிக்கொண்டார். ஒரு நாள் எங்கள் முருங்கையைக் கழித்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, அன்னிக்கி அவுரு நிறுத்துன்னு தெலுங்குலதானே கத்தனாரு? நான் ஆப்புன்னு நெனச்சிக்கினேன்."

"ஆமாம்" என்றேன்.

"எனக்குத் தெலுங்கு நல்லா வரும்மா. நிறுத்தறதுக்கு ஆபுன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெளங்கிக்கினு இருப்பேன். சீட்டு ஒட்டியிருந்தீங்களாமே. எனக்கு எழுத்து தெரியாது பாரு." கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரை இன்னா சொல்றது? எங்காதுதான் மந்தம்."

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மந்தம் அவர் காதில் இல்லை. இரண்டு சொல்லும் ஒன்றுபோல் கேட்கும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும், தெரிந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன் என்பதை அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் அவரிடம் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன், அவர் இல்லாத இடத்தில்.